போய் வந்தால் களைப்பு தீர வேண்டும்: ஆறு நாள், நான்கு பேர், எங்கே செல்லலாம்?

தாம்பரத்து வாசகி (கேள்வி)

வணக்கம். ஓய்வெடுப்பது எப்படி என்று பிறரிடம் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டோமே என்ற கூச்சத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 46 வயது. மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். வீட்டில் கணவர், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், 72 வயதாகும் அத்தை (கணவரின் தாயார்), நான் என நான்கு பேர். அத்தைக்கு இரு முழங்கால்களிலும் தேய்மானம் இருப்பதால், சமதளத்தில் அரைக் கிலோமீட்டர் வரை மெல்ல நடப்பாரே தவிர, படிகளைக் கண்டால் நின்றுவிடுவார்.

சென்ற மே மாதம் பயண ஏற்பாட்டாளர் ஒருவர் வழியாகக் கொடைக்கானல், மூணாறு, தேக்கடி என நான்கு நாள் சுற்றுலா சென்று வந்தோம். அச்சிட்டுக் கொடுத்த தாளில் பதினேழு இடங்கள் இருந்தன. கொடைக்கானல் மலைப்பாதையில் வாகன நெரிசலில் மூன்று மணி நேரம் நின்றோம். தூண் பாறைகளைப் பார்க்கப் போனபோது அவற்றை மூடுபனி மறைத்திருந்தது. போடிமெட்டு வளைவுகளில் மகள் இருமுறை வாந்தி எடுத்தாள். அத்தை பெரும்பாலான இடங்களில் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. ஒவ்வோர் இரவும் மறுநாளைக்கான துணிகளை எடுத்து வைப்பது, மாத்திரை டப்பாவைத் தேடுவது, யாருக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளும் என்று யோசிப்பது ஆகிய எல்லாம் என் பொறுப்பாகவே இருந்தன. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வீடு திரும்பி, எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பியபோது, விடுமுறைக்கு முன்பிருந்ததைவிட அதிகமாகக் களைத்திருந்தேன்.

இப்போது மகளின் காலாண்டுத் தேர்வு விடுமுறையில் ஆறு நாள் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இல்லை என்பதால் வெளியூர் செல்லத் தடையில்லை. போக்குவரத்து உட்பட நாற்பதாயிரம் ரூபாய் வரை செலவிடலாம் என்று எண்ணியிருக்கிறோம். கணவர் ஊட்டி என்கிறார். இப்போதே பார்க்க வேண்டிய இடங்களைக் குறித்து வைக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு எந்த ஊர் என்பது பெரிதில்லை. போய் வந்தால் களைப்பு தீர்ந்திருக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

குன்னூர் மருமகள்

சகோதரி, நான் திருமணமாகிக் குன்னூருக்கு வந்து இருபது ஆண்டுகளாகின்றன. எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று அழைக்கத்தான் ஆசை. ஆனால் உங்கள் அத்தையின் முழங்காலை நினைத்துக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது.

மலையூர்களில் சமதளம் அரிது. வெளியூரார் விரும்பிச் செல்லும் எங்கள் சிம்ஸ் பூங்கா 1874-இல் பள்ளத்தாக்கின் சரிவிலேயே அமைக்கப்பட்டது. உள்ளே இறங்குவது எளிது, ஏறி வருவது கடினம். விடுதிகள் பலவற்றில் சாலையிலிருந்து அறைக்குச் செல்லவே இருபது முப்பது படிகள் இருக்கும். இணையத்தில் போடும் படங்களில் பள்ளத்தாக்கு தெரியும், படிகள் தெரியமாட்டா. எந்த மலையூருக்குச் சென்றாலும், முன்பணம் கட்டுவதற்கு முன் விடுதியைத் தொலைபேசியில் அழைத்து, வண்டி நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரைக்கும் எத்தனை படி என்று கேளுங்கள். "கொஞ்சந்தான்" என்று பதில் வந்தால், போய் எண்ணிவிட்டு வந்து சொல்லச் சொல்லுங்கள்.

உங்கள் கணவர் ஊட்டியில் உறுதியாக இருந்தால், ஊட்டியில் தங்காமல் குன்னூரிலோ கோத்தகிரியிலோ தங்குவது நல்லது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் 1,850 மீட்டர் அளவில் இருக்கிறது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு இந்த நானூறு மீட்டர் வேறுபாடு இரவில் நன்றாகவே தெரியும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அரசுப் பேருந்தில் வருவோருக்கு அது தேவையில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நாள். ஆயுத பூஜையும் காந்தி ஜெயந்தியும் சனி, ஞாயிறுடன் ஒட்டி வந்துவிட்டால், அந்த நாட்களில் உள்ளூர்க்காரர்களாகிய நாங்களே ஊட்டிச் சாலையில் காலெடுத்து வைப்பதில்லை. திங்கள் வந்து வெள்ளி திரும்புமாறு அமைத்துக்கொண்டால், அதே ஊர் வேறு ஊராகத் தெரியும். அக்டோபர் பிற்பகுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் குன்னூர்ப் பக்கம் மண்சரிவு அபாயம் உண்டு; ஆகவே விடுமுறையின் முற்பகுதியே ஏற்றது.

முப்பது ஆண்டு முன்பதிவு மேசை

அம்மா, நான் ரயில்வேயில் முன்பதிவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஊரைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குத் திறமை இல்லை. ஆனால் முகப்பின் அந்தப் பக்கம் நின்றவர்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு விடுமுறை எந்த இடத்தில் கெட்டுப்போகிறது என்பது ஓரளவு தெரியும். பெரும்பாலும் அது ஊரில் கெடுவதில்லை. போகும் இரவிலும் திரும்பும் இரவிலும்தான் கெடுகிறது. நீங்கள் காலை ஆறு மணிக்கு வந்து எட்டு மணிக்கு வேலைக்குப் போனதாக எழுதியிருப்பதைப் படித்தவுடன், இதுவும் அந்த வகைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மக்கள் பகலை மிச்சம் பிடிப்பதாக எண்ணிக்கொண்டு இரவு வண்டியில் ஏறுகிறார்கள். வண்டி விடியற்காலை நான்கு மணிக்கோ ஐந்து மணிக்கோ இறக்கிவிடுகிறது. விடுதியில் அறை கிடைப்பது நண்பகலுக்குப் பிறகு. நடுவில் உள்ள ஏழெட்டு மணி நேரம் பெட்டிகளுடன் வரவேற்பறை நாற்காலியில் கழிகிறது. மிச்சம் பிடித்த பகல் முழுவதும் தூக்கத்தில் போகிறது. அதைவிட ஐந்தாறு மணி நேரத்தில் சென்று சேரக்கூடிய ஊரைப் பார்த்து, காலை வண்டியில் கிளம்பி, மதிய உணவு வேளையில் இறங்கி, நேரே அறைக்குச் செல்வது எவ்வளவோ மேல்.

இரவு வண்டிதான் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் அவர்கள் தனியாகவோ, அந்தத் தகுதியுள்ள இருவர் மட்டுமாகவோ ஒரே சீட்டில் இருந்தால்தான் அது பொருந்தும். நான்கு பேரையும் ஒரே சீட்டில் போட்டுவிட்டு, பாட்டிக்கு மேல் படுக்கை வந்துவிட்டதே என்று வந்து நிற்பவர்களை வாரம் தவறாமல் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு 46 வயது என்கிறீர்கள். எனவே நீங்களும் உங்கள் அத்தையும் ஒரு சீட்டிலும், உங்கள் கணவரும் மகளும் இன்னொரு சீட்டிலும் பதிவு செய்வதே முறை. 2024 நவம்பர் 1 முதல், பயண நாளுக்கு 60 நாள் முன்புதான் முன்பதிவு திறக்கிறது. பழைய நினைவில் 120 நாள் என்று கணக்குப் போட வேண்டாம். காலை எட்டு மணிக்குத் திறக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். தட்கலை நம்பி ஒரு குடும்ப விடுமுறையைத் திட்டமிடக் கூடாது. பயணத்துக்கு முந்தைய நாள் காலையில் குளிர்பதனப் பெட்டிக்குப் பத்து மணிக்கும் மற்றவற்றுக்குப் பதினொரு மணிக்கும் கைப்பேசியுடன் போராடுவது ஓய்வுக்கு நல்ல தொடக்கம் ஆகாது.

ஊட்டி என்றவுடன் மலை ரயில் பேச்சு வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர்தான்; ஆனால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறத்தாழப் பன்னிரண்டு அடிக்கு ஓரடி வீதம் ஏற வேண்டியிருப்பதால், பற்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வண்டி மெல்லத்தான் செல்லும். முழுப் பயணத்துக்கும் ஐந்து மணி நேரம் ஆகிவிடும். இருக்கைகள் நெருக்கமானவை, பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் வந்த பாதை; யுனெஸ்கோ 2005-இல் அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. எனக்கு அதன்மேல் அளவற்ற பெருமை உண்டு. இருந்தாலும் முழங்கால் வலியுள்ளவரை அதில் ஐந்து மணி நேரம் உட்கார வைக்க மாட்டேன். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும், ஒரு மணி நேரத்தை ஒட்டிய பயணமாகச் சென்று வந்தால் போதும்.

காவிரிக்கரை

முன்பதிவு மேசை ஐயா சொன்ன ஐந்தாறு மணி நேரக் கணக்கைப் படித்ததும் எங்கள் பக்கத்து ஊர் ஒன்று நினைவுக்கு வந்தது. நான் மயிலாடுதுறையைச் சேர்ந்தவன். தரங்கம்பாடிக்குச் செல்லுங்கள் என்பதே என் யோசனை.

சோழன் விரைவு வண்டி காலையில் எழும்பூரில் புறப்பட்டுத் தாம்பரத்திலும் நின்று செல்கிறது. உங்கள் வீட்டு வாசலிலிருந்து ஆட்டோவில் கிளம்பி வண்டி ஏறினால், மதியம் மயிலாடுதுறையில் இறங்கலாம். அங்கிருந்து தரங்கம்பாடி ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். வழி முழுவதும் சமவெளி, ஒரு வளைவும் இல்லை, உங்கள் மகளுக்கு வாந்தி வர வாய்ப்பே இல்லை.

அந்த ஊரின் சிறப்பு, அங்கே பார்ப்பதற்கு அளவாகத்தான் இருக்கிறது என்பது. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு அச்சகம் நிறுவிப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது இந்த ஊரில்தான். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. நகர வாயிலில் நுழைந்து ராஜ வீதி வழியாகக் கோட்டைக்குச் செல்வதற்குள் இவையெல்லாம் வந்துவிடுகின்றன. மொத்தமும் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கும், தரையும் சமம். 1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்ற பிறகு வணிகம் வேறு பக்கம் போய்விட்டதால்தான், இன்று இவ்வளவு அமைதி நமக்குக் கிடைத்திருக்கிறது. அதை ஒரு மாலையில் பார்த்துவிட்டால், மீதி நாட்களில் பார்க்க வேண்டிய கடன் ஏதும் இல்லை. (ஓசோன் நிறைந்த காற்று வீசும் ஊர் என்று விளம்பரங்களில் எழுதுவார்கள், அதை நம்பி வர வேண்டாம், வெறும் கடற்காற்றே போதும்.)

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். செப்டம்பர் இறுதியில் பகலில் வெயில் கடுமையாகவே இருக்கும். காலை ஒன்பது மணிக்கு மேல் நான்கு மணி வரை அறையில்தான் இருக்க முடியும், சில மாலைகளில் இடியுடன் மழையும் வரும். அங்கே கடலில் இறங்கிக் குளிப்பது பாதுகாப்பானதன்று. பாறைகளும் இழுப்பும் உண்டு. சிற்றூர் என்பதால் இரவு ஒன்பது மணிக்கு மேல் கடைகள் இருக்கமாட்டா. நீங்கள் வரும்போது புரட்டாசி மாதம் வேறு. உங்கள் அத்தை அசைவம் தவிர்ப்பவராக இருந்தால், மீனுக்குப் பெயர் பெற்ற ஊரில் சைவச் சாப்பாட்டை விடுதியில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் திருக்கடையூர் இருக்கிறது. அங்கே ஓரளவு நல்ல சைவ உணவு கிடைக்கும். அபிராமி சந்நிதியில் முகூர்த்த நாட்களில் அறுபதாம் கல்யாணக் கூட்டம் நெரியும் என்பதால், அன்றைய தினங்களைத் தவிர்த்துச் செல்லுங்கள்.

சும்மா இருக்கத் தெரியாதவன்

மேலே எழுதியவர்கள் எல்லோரும் ஓய்வு என்றால் எதுவும் செய்யாமல் இருப்பது என்று முடிவு செய்துவிட்டதாகத் தெரிகிறது. எனக்கு அது ஒத்துவராது என்பதை ஆறாயிரம் ரூபாய் வாடகை கொடுத்துத் தெரிந்துகொண்டேன். ஏலகிரியில் மூன்று நாள் ஒரு விடுதியில் எந்தத் திட்டமும் இல்லாமல் தங்கினோம். முதல் நாள் மாலை வரை நன்றாக இருந்தது. இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு அலுவலக மின்னஞ்சலைத் திறந்தேன். நண்பகலுக்குள் ஊரில் இருக்கும் உதவியாளருடன் தொலைபேசியில் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தேன். கைக்கு வேலை இல்லாவிட்டால் மனம் பழைய வேலையைத் தேடிப் போய்விடும் ஆட்களும் இருக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் இடங்களைக் குறித்து வைப்பது உங்களைத் துன்புறுத்துவதற்காக அன்று. அவருக்கு ஒருவேளை அதுதான் ஓய்வாக இருக்கலாம்.

அதன்பிறகு நாங்கள் கடைப்பிடிக்கும் வழி, ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை, அதுவும் காலை பதினொரு மணிக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது. சென்ற ஆண்டு காரைக்குடியில் நான்கு நாள் இருந்தோம். ஒரு காலை ஆத்தங்குடியில் தரையோடு செய்வதைப் பார்த்தோம். கண்ணாடிப் பலகையின்மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்தே அதை ஆக்குகிறார்கள். என் மகன் அங்கேயே இரண்டு மணி நேரம் நின்றான். இன்னொரு காலை கானாடுகாத்தான் வீதிகள், மற்றொரு காலை பிள்ளையார்பட்டி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, செட்டிநாட்டுச் சமையலை உண்டவர் எவரும் நான்கு மணி வரை எழுந்திருக்கப் போவதில்லை. தாம்பரத்தில் ஏறிப் பல்லவன் வண்டியில் சென்றால் இரவுச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டிக் காரைக்குடி சேரலாம். ஆனால் பெரிய வீடுகளில் வாசற்படிகள் உயரமானவை என்பதை உங்கள் அத்தைக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இரவுப் பணிச் செவிலி

இருவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றை எங்கள் பயிற்சி வகுப்பில் படித்தோம். விடுமுறைக்குச் செல்லவிருப்போர், கிளம்புவதற்கு முன்பே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்திருக்கிறார்கள். திரும்பி வந்த பிறகோ, பெரும்பாலோருக்கும் செல்லாதவர்களுக்கும் வேறுபாடே தெரியவில்லை. தம் விடுமுறை மிகவும் நிதானமாக அமைந்தது என்று சொன்னவர்களிடம் மட்டும் திரும்பிய பிறகும் சிறிது காலம் மகிழ்ச்சி தங்கியிருந்தது. வெறுமனே நிதானம் என்றவர்களுக்குக்கூட அது கிடைக்கவில்லை.

நான் உங்கள் கேள்வியில் வேறொன்றைப் பார்க்கிறேன். துணி, மாத்திரை, உணவு மூன்றும் உங்கள் தலையில்தான் இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு அது விடுமுறை அன்று, இடம் மாறிய வேலை. ஊரை மாற்றுவதால் இது தீராது. மாத்திரைப் பொறுப்பைக் கணவரிடமும், தன் பெட்டியைத் தானே கட்டும் பொறுப்பை மகளிடமும் ஒப்படையுங்கள். அவர்கள் ஒரு பல் துலக்கியை மறந்தால் கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஆறு நாளில் நான்கை மட்டும் வெளியூருக்கு வைத்து, கடைசி இரண்டு நாளையும் வீட்டிலேயே கழியுங்கள். அழுக்குத் துணியைத் துவைத்து மடித்துவிட்டு வேலைக்குப் போகிறவருக்கும், மூட்டையைக் கூடத்தில் போட்டுவிட்டுப் போகிறவருக்கும் அந்த வாரம் முழுவதும் வேறுபாடு தெரியும். இன்னொரு கேள்வி: உங்கள் அத்தைக்கு என்ன விருப்பம் என்று யாராவது கேட்டீர்களா? அவர் முழங்காலைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டோம்.

தாம்பரத்து வாசகி

எல்லோருக்கும் நன்றி. செவிலிச் சகோதரியின் கடைசிக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. நாங்கள் யாரும் கேட்கவில்லை. நேற்று இரவு உணவுக்குப் பிறகு நால்வரையும் உட்கார வைத்து, எந்த ஊர் என்று கேட்காமல், நான்கு நாளும் என்ன செய்யாமல் இருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டேன்.

மகள் காலை ஒன்பது மணிக்கு முன்பு எழ மாட்டேன் என்றாள். நான் அடுத்த வேளை என்ன சாப்பிடுவது என்று யோசிக்க மாட்டேன் என்றேன். கணவர் வெகு நேரம் யோசித்துவிட்டு, தான் எதையும் விட்டுவிட விரும்பவில்லை, ஆனால் எங்களை இழுத்துக்கொண்டு போகவும் தேவையில்லை என்றார். சும்மா இருக்கத் தெரியாதவர் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன்; தம்மைப் புரிந்துகொண்ட ஒருவராவது இருக்கிறாரே என்று மகிழ்ந்தார்.

அத்தைதான் வியப்பில் ஆழ்த்தினார். அவருக்குக் கோயில், குளம் என்றுதான் விருப்பம் இருக்கும் என நாங்களாகவே நினைத்திருந்தோம். வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்கள் திரும்பி வரும் வரைக்கும் காத்திருக்கும் வேலை மட்டும் இனி வேண்டாம் என்றார் அவர். பதினேழு இடங்களில் பதினான்கை அவர் வண்டிக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாராம், எண்ணி வைத்திருக்கிறார். கடல் தெரிகிற மாதிரி ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்றார். பிறகு, திருக்கடையூர் பக்கத்தில் இருக்கிறது என்று நான் சொன்னவுடன், மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் அங்கேதான் நடந்தது என்பதையும், அன்றைய கூட்டத்தில் அம்பாளைச் சரியாகப் பார்க்கவே முடியவில்லை என்பதையும் சொன்னார்.

ஆகவே தரங்கம்பாடி என்று முடிவாகியிருக்கிறது. திங்கட்கிழமை காலை சோழனில் சென்று, நான்கு இரவு ஒரே அறையில் தங்கி, வெள்ளிக்கிழமை பகல் வண்டியில் திரும்புகிறோம். சனி, ஞாயிறு வீட்டில். நான் முன்பு எழுதிய ஆறு நாளுடன் அந்த ஞாயிறும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் அத்தையும் நானும் திருக்கடையூர் சென்று வருவோம். கணவர் இரண்டு நாள் காலையில் தனியாகப் பேருந்து ஏறிப் பூம்புகாருக்கும் சிதம்பரத்துக்கும் போய்விட்டு வந்து எங்களுக்குக் கதை சொல்வார். வரமாட்டேன் என்பவரை வற்புறுத்துவதில்லை என்று உறுதி கொடுத்திருக்கிறார். மாத்திரை டப்பா அவரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. குன்னூர்ச் சகோதரி சொன்னபடி விடுதியை அழைத்து, வண்டியிலிருந்து கட்டில் வரைக்கும் எத்தனை படி என்று கேட்டேன். தரைத்தள அறைக்கு மூன்று படி என்றார்கள். முன்பதிவு திறக்க இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. வெயில் நேரத்தில் ஏழு மணி நேரம் அறைக்குள் என்றால் மகள் கைப்பேசியிலேயே மூழ்கிவிடுவாளோ என்று தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

முப்பது ஆண்டு முன்பதிவு மேசை

அவள் கைப்பேசியைப் பார்க்கட்டும் அம்மா. அதை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பதும் உங்களுக்கு ஒரு வேலைதானே. ஒரு சீட்டுக்கட்டையும் தாயக்கட்டையையும் பெட்டியில் போட்டு வையுங்கள், போதும்.

பகல் வண்டி என்பதால் படுக்கை ஒதுக்கீட்டுச் சிக்கல் இல்லை. இருந்தாலும் திரும்பும் சீட்டையும் உடனே பதிந்துவிடுங்கள். அது நான்கு நாள் கழித்து உள்ள பயணம் என்பதால் அதற்கான முன்பதிவும் நான்கு நாள் கழித்துத்தான் திறக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; நாட்காட்டியில் இரண்டு தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே ஒரு காலத்தில் ரயில் இருந்தது, 1986-இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது வாடகைக் காரை முன்கூட்டியே நிலையத்துக்கு வரச் சொல்லி வைப்பதுதான் உங்கள் அத்தைக்கு வசதி.

காவிரிக்கரை

வரவேற்கிறோம். விடுதியில் இன்னும் இரண்டைக் கேட்டு வையுங்கள். மின்தடை ஏற்பட்டால் அறைக் குளிர்சாதனத்துக்கு ஜெனரேட்டர் உண்டா, இல்லை விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும்தானா என்பது ஒன்று. கடலைப் பார்த்த தாழ்வாரத்தில் கைப்பிடியுள்ள நாற்காலி இருக்கிறதா என்பது மற்றொன்று. முழங்கால் வலியுள்ளவர்கள் மூங்கில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் பிறர் உதவியின்றி எழுந்திருக்க முடியாது. இல்லை என்றார்களானால் எனக்கு எழுதுங்கள், மயிலாடுதுறையில் பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும் பந்தல் கடையின் விவரம் தருகிறேன். நீங்கள் வரும் காரின் பின்புறத்திலேயே வைத்து எடுத்துப் போய்விடலாம்.